சந்தனம் மணத்த கோப்பை

குழந்தை முதன்முதலாக அசைந்தது எப்போது? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. ஸ்கேன் எடுத்தவர் கேட்டார். கரியாஹாட்டில் நான் காட்டிக்கொண்டிருந்த மகப்பேறு மருத்துவர் கேட்டார். என் மாமியார் கேட்டார். மூவரிடமும் மூன்று பதில் சொன்னேன். மகளுக்கு இப்போது ஒன்றரை வயது. போன வாரம் மௌமிதா தொலைபேசியில் அதையே கேட்டபோது மறுபடியும் விழித்தேன்.

மௌமிதா எனக்கு அலுவலகத்தில் இளையவள். தேயிலை ஏலத்துக்கு வரும் சரக்கைச் சுவைத்துத் தரம் பிரித்து விலை மதிப்பிடும் தரகு நிறுவனம் எங்களுடையது. பத்து வருடத்துக்கு மேல் அங்கே டீ டேஸ்டராக இருந்தேன். முப்பத்துமூன்று வயதில் என்னை ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ளக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் சால்வை போர்த்தி, சந்தேஷ் இனிப்புப் பெட்டி கொடுத்து, எல்லாரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டு வழியனுப்பினார்கள். அது ஓய்வுதானே? பிரசவ விடுப்பு முடிந்தபோது திரும்பிப் போகப் பயமாக இருந்தது. யாரும் தடுக்கவில்லை. குழந்தையை விட்டுவிட்டுப் போனால் ஏதாவது ஆகிவிடுமோ என்று நானாகவே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இப்போது மௌமிதாவுக்கு ஐந்தாவது மாதம். நான் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். "சுகன்யா தீதி, நடு மாதங்கள்தான் சுகம் என்கிறார்களே, உண்மையா? என்னென்ன நடக்கும்? நாக்கு மாறிவிடுமா? வேலையில் தொடரலாமா?" என்று வங்க மொழியில் அடுக்கினாள். மருத்துவரிடம் கேட்க வேண்டியதை மருத்துவரிடம் கேள், மற்றதை எழுதி அனுப்புகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் ஒரு திங்கட்கிழமையைத்தான் மறுபடி மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால் அதையே முதலில் உங்களுக்கு முழுதாக எழுதிவிடுகிறேன்.

வங்காளத்துத் தலைநகரில், பாலிகஞ்சில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண் நான். அப்பா வங்கி அதிகாரி. தாவரவியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. முதல் வருடம் முழுக்க உறிஞ்சக் கற்றுக்கொண்டேன், அடுத்த வருடம் முழுக்க வாயை மூடிக்கொண்டு கேட்கக் கற்றுக்கொண்டேன். கரண்டியில் தேநீரை எடுத்து, காற்றையும் சேர்த்து, சத்தம் வர உறிஞ்ச வேண்டும். அது நாக்கு முழுக்கத் தெறித்து மூக்கின் பின்பக்கம் வரை ஏற வேண்டும். உடனே சக்கரம் வைத்த தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணம். வீட்டில் ஒரு நாள் ரசத்தை அப்படி உறிஞ்சிவிட்டேன். அப்பா எழுந்து போய்விட்டார்.

சுவைக்கும் அறைக்குச் சில விதிகள் உண்டு. பூ வைக்கக் கூடாது, பவுடர் கூடாது, வாசனைத் தைலம் கூடாது, மதியம் பச்சை வெங்காயம் கூடாது. தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் வாங்கி வைத்துக்கொள்ளும். அதனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என் மாமியாருக்கு, அவரை அத்தை என்று கூப்பிடுவேன், தலையில் பூ வைக்காத மருமகள் என்ற குறை இருந்தது. அவர்களுக்குத் திருநெல்வேலி. மாமனார் ரயில்வேயில் வேலை கிடைத்து இங்கே வந்தவர். என் கணவர் ரகுவும் கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில்தான்.

மௌமிதா கேட்டதற்கு வருகிறேன். முதல் மூன்று மாதம் எனக்கு மோசம். மீன் கடை இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன். அலுவலகத்தில் யாருக்கும் சொல்லாமல், காலையில் இரண்டு பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு சுவைத்தேன். நான்காம் மாதம் நடுவில் ஒரு நாள் குமட்டல் இல்லாமல் விழித்தேன். அன்றைக்குப் பயந்துபோனேன். குமட்டல் நின்றால் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடினேன். "நிற்க வேண்டிய நேரத்தில் நின்றிருக்கிறது. போய்ச் சாப்பிடு" என்று அனுப்பினார்.

அதற்குப் பிறகு பசி. பிறகு ஒவ்வொன்றாக வந்தது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். சளி இல்லாமலே மூக்கடைப்பு. விடியற்காலையில் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நான் போட்ட சத்தத்தில் ரகு படுக்கையிலிருந்து விழுந்தான். வாயில் எப்போதும் பழைய சாவியை வைத்திருந்த மாதிரி ஒரு ருசி. இரும்பு மாத்திரையை டீயோடு சேர்த்துச் சாப்பிடாதே, டீ இரும்பை உடம்பில் ஏறவிடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். என் வேலையே டீ. சுவைக்கும் நேரத்துக்குத் தள்ளி இரவில் போட்டுக்கொண்டேன். துப்பிவிட்டாலும் கொஞ்சம் உள்ளே போகும் அல்லவா, அதைக் கேட்டேன். அளவு முக்கியம், வீட்டில் குடிக்கும் காபியை விட்டுவிடு என்றார். விட்டேன். ஒரு தமிழ் வீட்டில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று மௌமிதாவுக்குத் தெரியாது.

இவ்வளவுக்கும் நடுவில் மூக்கு மட்டும் கூர்மையாகிக்கொண்டே போனது. அல்லது அப்படி எனக்குத் தோன்றியது. அடைத்த மூக்கு எப்படிக் கூர்மையாகும்? லிஃப்டில் ஏறினால் முந்தி ஏறி இறங்கியவர் பான் போட்டவரா என்று தெரிந்தது. மருத்துவரிடம் கேட்டேன். பல பெண்கள் அப்படிச் சொல்கிறார்கள், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஒரு மருத்துவர் சொன்னால் என்னைப் போன்றவளுக்குத் தூக்கம் வருமா?

இனி சன்யால் சாரைப் பற்றி. எங்கள் தலைமை டேஸ்டர். திட்ட மாட்டார், பாராட்டவும் மாட்டார். வரிசையாகக் கிண்ணங்களைச் சுவைத்துக்கொண்டு வருவார், நாங்கள் பின்னால் எங்கள் கருத்தைச் சொல்லிக்கொண்டு வருவோம். ஏற்றுக்கொண்டால் கரண்டியால் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு தட்டு. ஏற்காவிட்டால் இரண்டு தட்டு. இரண்டு தட்டு விழுந்தால் 'ஆபார்', மறுபடி சுவை என்று அர்த்தம். வாயால் அதைச் சொல்வது அபூர்வம். ஒருவர் எவ்வளவு நல்ல டேஸ்டர் என்பதை அந்த அறையில் இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தட்டுகளை வைத்தே சொல்லிவிடுவார்கள்.

வயிறு தெரிய ஆரம்பித்ததும் அவரிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். ஒரு நிமிடம் கழித்து, சங்கடமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, இந்த மாதிரி நேரத்தில் நாக்கு நிலையாக இருக்காது, மேசை வேலைக்கு மாற்றிக்கொள்ளலாமா, இந்த மாத ஏலம் முடிந்ததும் முடிவு செய்வோம் என்றார். கெட்ட எண்ணம் இல்லை. அவருடைய மனைவிக்குக் கர்ப்ப காலம் முழுக்க உப்பே தெரியாமல் இருந்ததாம். ஆனால் மேசைக்குப் போன டேஸ்டர் சுவைக்கும் மேடைக்குத் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு வாரமும் சரக்கு மாறும், தோட்டம் மாறும், மழை மாறும். சில மாதம் விட்டால் நாக்கில் இருக்கும் கணக்கெல்லாம் போய்விடும். அந்த மேடையில் ஒரு பெண் நிற்பதற்கே எங்கள் அலுவலகத்தில் ரொம்ப நாள் ஆகியிருந்தது. எனக்குப் பின்னால் பயிற்சிக்கு வந்த மௌமிதா, நான் என்ன ஆகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பூமுடிப்பு வந்தது. அத்தை வீட்டில் ஐந்தாம் மாதம் பூமுடிப்பு, ஏழாம் மாதம் வளைகாப்பு. ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்துவிட்டார். தலை நிறைய மல்லிகை, கன்னத்திலும் இரண்டு கைகளிலும் முழங்கை வரை சந்தனம். மறுநாள் ஏலத்துக்கு முந்தின சுவைப்பு. அத்தையிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"அத்தை, பூ மட்டும் வச்சுக்கிடுதேன். சந்தனத்தைக் கையில பூச வேண்டாமே. நெத்தியில ஒரு பொட்டு போதுமே."

"என்னம்மா நீ. சந்தனம் பூசாம பூமுடிப்பா? பிள்ளை வராம காதுகுத்து நடத்துத மாதிரில்லா இருக்கு."

"நாளைக்கு ஆபீஸ்ல வாசனை பிடிக்கணும் அத்தை."

"நீ டீயை மோந்து பாரு, அவன் உன்னை ஏன் மோந்து பாக்கான்?"

கூடியிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். நானும் கைகளை நீட்டிவிட்டேன். எனக்கும் ஆசைதான். இத்தனை வருடத்துக்குப் பிறகு தலை நிறையப் பூ. மைசூர்ச் சந்தனக் கட்டையை அத்தையே உரைத்து, குளிரக் குளிரக் கையில் பூசியபோது அழுகை வந்தது. மேல்வீட்டு வங்காளிப் பெண்மணி வந்து சங்கு ஊதி, நம் குலவை மாதிரி உலூலு கொட்டினார். அவர்கள் வழக்கத்தில் 'ஷாத்' என்று ஒன்று உண்டு, கர்ப்பிணிக்கு ஆசைப்பட்டதை எல்லாம் சமைத்துப் போடுவார்கள். அவர் பாயசம் கொண்டுவந்திருந்தார். வயிற்றில் ஏதாவது துடித்ததா என்று எல்லாரும் கேட்டார்கள். பட்டாம்பூச்சி மாதிரி இருக்கும் என்றார் ஒருவர், குளத்தில் மீன் வால் அடிக்கிற மாதிரி என்றார் இன்னொருவர். நான் பட்டாம்பூச்சிக்கும் மீனுக்கும் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. முதல் பிள்ளைக்குக் கொஞ்சம் தாமதமாகத் தெரியும், இருபத்து நான்கு வாரமாகியும் தெரியாவிட்டால் உடனே வா என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அதற்கு நாள் இருந்தது. ஆனாலும் பயம் பயம்தான்.

அன்று மாலையே கடலை மாவு, எலுமிச்சை, வாசனையில்லாத சோப்பு எல்லாம் போட்டுத் தேய்த்துக் குளித்தேன். காலையில் இன்னொரு முறை. தோல் எரிந்தது. ரகுவிடம் கைகளை நீட்டினேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "சோப்பு வாசனைதான் வருது" என்றான். இரவு மழையில் தெருவெல்லாம் தண்ணீர் நின்றதால் டாக்சிக்கு நடந்த தூரம் முழுக்கக் கையை முகர்ந்துகொண்டே போனேன்.

வடக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல் உள்ள அறை அது. நீண்ட மேடை. ஒவ்வொரு சாம்பிளுக்கும் மூன்று பொருள் வரிசையாக இருக்கும்: தகர டப்பாவில் காய்ந்த இலை, அதன் முன்னால் குவளை மூடியில் கவிழ்த்த வெந்த இலை, அதற்கும் முன்னால் வெள்ளைக் கிண்ணத்தில் தேநீர். அன்றைக்கு வந்திருந்தது அசாமில் ஒரு பெரிய தோட்டத்தின் ஜூன் மாதச் சரக்கு. வருடத்தின் நல்ல சரக்கு அதுதான். எங்களுக்கு அது முக்கியமான தோட்டம். அவர்கள் மனம் கோணினால் வேறு தரகரிடம் போய்விடுவார்கள்.

ஏழெட்டுக் கிண்ணம் நன்றாகப் போயிற்று. சன்யால் சார் முன்னால், நான் அடுத்து, எனக்குப் பின்னால் அரிந்தம். என்னைவிட ஒரு வருடம் மூத்த டேஸ்டர், வாய்த்துடுக்கு உள்ளவர், ஆனால் நல்ல நாக்கு. கரண்டியை எடுத்து உறிஞ்சினேன். நல்ல திடமான டீ. துப்பினேன். துப்பிய பிறகு, மூக்கின் பின்பக்கம், மெல்லிய சந்தனம்.

முதலில் என் கையைத்தான் முகர்ந்தேன். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். கையிலும் சந்தனம் இருக்கிற மாதிரித் தோன்றியது. நினைப்பு வந்துவிட்டால் எதில்தான் வாசனை வராது? மறுபடி சுவைத்தேன். மறுபடி சந்தனம். சொல்லாமல் அடுத்ததற்குப் போய்விடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அந்த லாட், அதாவது அந்தக் கிண்ணத்துக்குரிய ஏலச் சரக்கு, நல்ல விலைக்குப் போகும், வாங்கியவர் மற்றத் தேயிலைகளோடு பிளெண்டில் கலப்பார், அதற்குப் பிறகு புகார் வந்தால் தோட்டத்தின் பெயர், எங்கள் பெயர் இரண்டும் போகும். சொல்லி, அது என் கை வாசனை என்று ஆனால், நாளையிலிருந்து எனக்கு மேசை.

"சார், இதில் வேற்று வாசனை இருக்கிறது. சந்தனம் மாதிரி" என்றேன்.

சன்யால் சார் திரும்பி வந்து சுவைத்தார். யோசித்தார். இன்னொரு முறை. கரண்டி இரண்டு முறை தட்டியது. நான் ஆபார் சுவைத்தேன். அதேதான் என்றேன். அரிந்தம் சுவைத்துவிட்டு, "எனக்கு டீ வாசனைதான் வருகிறது. நேற்று உங்கள் வீட்டில் பூஜை என்றீர்களே சுகன்யா, பிரசாதம் எங்கே?" என்றார். யாரோ சிரித்தார்கள். பூமுடிப்பு என்று திங்கட்கிழமைக்கு விடுப்பு கேட்கும் யோசனையில் வெள்ளிக்கிழமை நானேதான் எல்லாரிடமும் சொல்லியிருந்தேன், கையில் சந்தனம் பூசுவார்கள் என்பது உட்பட. சன்யால் சார் சிரிக்கவில்லை. அதுதான் மோசம். மென்மையாக, "இன்று சீக்கிரம் வீட்டுக்குப் போ, மா. ஓய்வெடு" என்றார்.

கை கழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன். அழக் கூடாது, அழுதால் மூக்கு அடைத்துக்கொள்ளும் என்று என்னை நானே அதட்டினேன். அடிவயிற்றில் இடது பக்கம் ஏதோ உருண்டது. முந்தின நாள் பாயசம் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு சாதாரண விஷயம் உறைத்தது. வாசனை என் கையில் இருந்தால் எல்லாக் கிண்ணத்திலும் வர வேண்டும். முதல் ஏழெட்டில் ஏன் வரவில்லை?

திரும்பி வந்து அதைச் சொன்னேன். அரிந்தம், இந்தக் கிண்ணத்தில்தான் நினைப்பு வந்திருக்கும் என்றார். அது உண்மையாகவே இருக்கலாம். "அப்படியானால் கிண்ணங்களை மாற்றி வையுங்கள். நான் வெளியே நிற்கிறேன். கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன். மௌமிதா ஊட்டட்டும்" என்றேன். இதைச் சொன்னது நானா என்று இன்றும் ஆச்சரியமாக இருக்கிறது. எதையும் இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் செய்கிறவள் நான்.

 சன்யால் சார் தலையசைத்தார்.

கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே கிண்ணங்கள் நகரும் சத்தம். கூப்பிட்டார்கள். புடவைத் தலைப்பால் கைகளைப் பின்னால் சுற்றிக்கொண்டேன். மௌமிதா ஒவ்வொரு கரண்டியாக என் வாய்க்குக் கொண்டுவந்தாள். நான் உறிஞ்சி, குனிந்து துப்பி, அடுத்தது, அடுத்தது. நான்காவதில் நின்றேன். இது. சன்யால் சார் கிண்ணத்தின் அடியில் ஒட்டியிருந்த லாட் எண்ணைப் பார்த்தார்.  மறுபடி வெளியே அனுப்பினார். இரண்டாம் முறை கடைசிக் கிண்ணம். அதுவும் அதே லாட். அரிந்தமின் முகத்தில் கேலி போய்விட்டது. அவரே காய்ந்த இலையை எடுத்து முகர ஆரம்பித்தார்.

மூன்றாம் முறை கூப்பிட அதிக நேரம் ஆயிற்று. உள்ளே போனேன். முதல் கிண்ணம் இல்லை. இரண்டாவது இல்லை. பாதி வரிசை போயிற்று.  வரிசை முடியப் போகிறது, இன்னும் வரவில்லை. தவறவிட்டுவிட்டேனா? மூக்கு அடைத்துக்கொண்டதா? ஐந்தாவதில் லேசாக இருந்ததோ? அதைச் சொல்லிவிடலாமா? கடைசிக் கரண்டியைத் துப்பினேன். எல்லாரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வயிற்றில் மறுபடி அது. இம்முறை உருளவில்லை. உள்ளேயிருந்து ஒரு விரல் நகத்தால் சுண்டிய மாதிரி. ஒரு முறை, கொஞ்சம் விட்டு இன்னொரு முறை. அதைக் கவனிக்க எனக்கு நேரம் இல்லை.

"இந்த வரிசையில் அது இல்லை சார்" என்றேன்.

 சன்யால் சார் தன் முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த கிண்ணத்தை எடுத்து மேடையில் வைத்தார். அதைத்தான் அவர் வரிசையிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். பிறகு அதே கிண்ணத்தின் விளிம்பில் கரண்டியால் தட்டினார். ஒரே ஒரு தட்டு.

அதற்குமேல் அவர் செய்த விதத்தை மௌமிதா மறந்திருக்க மாட்டாள். எல்லாரையும் அறையை விட்டு வெளியே போகச் சொன்னார். ஜன்னலைத் திறந்து வைத்தார். அந்த லாட்டில் புதிதாக ஊற்றச் சொல்லி, முழுதாக ஆறவிட்டார். ஆறிய டீயில் ஒளிந்திருப்பதெல்லாம் வெளியே வரும். அரை மணிக்குமேல் கழித்துத் தனியாகச் சுவைத்துவிட்டு எங்களைக் கூப்பிட்டார். "இருக்கிறது. நான் தினமும் காலையில் சந்தன ஊதுபத்தி ஏற்றிக் கும்பிட்டுவிட்டு வருகிறவன். என் மூக்கு அதை வாசனையாகவே எடுத்துக்கொள்வதில்லை" என்றார். பிறகு எங்களுக்கு முன்னாலேயே தோட்டத்துக்குத் தொலைபேசி போட்டார். லாட்டை ஏலத்திலிருந்து நிறுத்தினார்கள்.

தோட்டத்திலிருந்து நேரே வந்த சாம்பிளில் குறை இல்லை; நாங்கள் சுவைத்தது கிடங்கில் எடுத்தது. கோளாறு இங்கேதான். ஆற்றோரத்துக் கிடங்கு ஒன்றில், மழைத் தண்ணீர் புகுந்ததால் இந்தச் சரக்கின் மூட்டைகளை இடம் மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். பக்கத்துச் சுவரோரம் முழுக்க ஊதுபத்திப் பெட்டிகள். மற்ற லாட்டுகள் வேறு மூலையில் இருந்ததால் தப்பின. தோட்டத்து மேலாளர் சன்யால் சாருக்கு நன்றி சொன்னார். சன்யால் சார் தொலைபேசியை என்னிடம் நீட்டி, "இவளிடம் சொல்லுங்கள்" என்றார்.

அரிந்தம் அன்று சாயங்காலம் என் மேசையில் ஒரு மண் குடுவையில் மிஷ்டி தொய் என்னும் இனிப்புத் தயிரை வைத்துவிட்டு, "பிரசாதம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் மன்னிப்புக் கேட்டது அவ்வளவுதான். நான் அதைக் கரண்டியால் வழித்துத் தின்றேன்.

வீட்டில் அத்தையிடம் ஆதியோடந்தமாகச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, "நேத்து நான் சந்தனம் பூசலைன்னா உனக்கு அந்த வாசனை ஞாபகத்துல நின்னிருக்குமா? நல்ல வேளை, உன் பேச்சைக் கேக்கலை" என்றார்.  ஒருவேளை அவர் சொல்வதும் சரியாக இருக்கலாம். அன்று ராத்திரி ரகு கார்டன் ரீச்சிலிருந்து வந்ததும் என் சார்பில் அத்தையே முழுக் கதையையும் சொன்னார். அதில் சந்தனக் கட்டைக்குத்தான் முக்கிய வேடம்.

அடுத்த திங்கட்கிழமை அலுவலகம் போனபோது என் இடத்தில் முதுகு சாயும் உயரமான ஸ்டூல் ஒன்று போட்டிருந்தது. துப்பும் தொட்டியின் அடியில் மரக்கட்டைகளை வைத்து உயர்த்தியிருந்தார்கள், நான் குனியாமல் இருக்க. மேசை வேலையைப் பற்றி யாரும் பேசவில்லை. சன்யால் சார் வரிசையின் தொடக்கத்தில் கரண்டியோடு நின்றுகொண்டு, எதுவும் நடக்காத மாதிரி, "ஆரம்பிக்கலாமா?" என்றார். எட்டாம் மாதம் வரை அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் சுவைத்தேன். கால் வீங்கியது, நெஞ்செரிச்சல் வந்தது, இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்துப் படுத்துத் தோள் மரத்துப்போனது. சர்க்கரைப் பரிசோதனைக்காகக் குடித்த குளுக்கோஸ் தண்ணீர் என் வாழ்க்கையில் நான் சுவைத்ததிலேயே மோசமான பானம். ஆனால் மேடையை விடவில்லை.

ஐந்தாம் மாதக் கடைசியில் ஸ்கேன். உறுப்புகள் ஒவ்வொன்றாகப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்லும்வரை மூச்சு விடவில்லை. அங்கேதான் முதன்முதலாக அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். அசைவு தெரிகிறதா, எப்போதிலிருந்து? தெரிகிறது என்றேன். எப்போதிலிருந்து என்றால்? கை கழுவும் இடத்திலா, மூன்றாவது வரிசை முடிந்தபோதா, அல்லது அதற்கும் முன்பே, நான் வாயு என்று விரட்டிய எத்தனையோ நாட்களிலா? பட்டாம்பூச்சிக்கும் மீனுக்கும் காத்திருந்ததில் வந்ததைத் தவறவிட்டுவிட்டேன் என்றுதான் படுகிறது.

ஏழாம் மாதம் வளைகாப்பை அத்தை வெள்ளிக்கிழமை மாலையில் வைத்தார். ஞாயிறுதான் நல்ல நாள் என்று சொன்ன சோதிடரிடம், "ஞாயித்துக்கெழம பூசினா திங்கக்கெழம வாசம் போவாது. எம் மருமவ டீ பாக்கணும்" என்று அவரே பேசி மாற்றினார். கண்ணாடி வளையல்களைக் கழற்றக் கூடாது என்பதால் அப்படியே அலுவலகம் போனேன். கிண்ணத்தை எடுக்கும்போதெல்லாம் கலகலவென்று சத்தம். சத்தத்தைச் சகிக்காத சன்யால் சார் தடுக்கவில்லை. அவர் கரண்டியைத் தட்டுவார், பின்னாலேயே என் வளையல் குலுங்கும். உள்ளே இருந்தவள் உதைப்பாள். அந்த மாதம் இரண்டு தட்டு எனக்கு அநேகமாக விழவே இல்லை.

போன வாரம் மௌமிதா இன்னொன்றும் சொன்னாள். அவள் விஷயத்தைச் சொன்னதும் சன்யால் சார் நேரே கிடங்கறைக்குப் போய், அந்த ஸ்டூலைத் தானே தூக்கி வந்து தூசி தட்டிப் போட்டாராம். மேசை என்ற பேச்சே எழவில்லையாம். என்னிடம் சொல்லச் சொன்னதாக ஒரு செய்தியும் இருந்தது: "சுகன்யாவின் கரண்டியை யாருக்கும் கொடுக்கவில்லை. எப்போது வருகிறாள் என்று கேள்." இரண்டு நாள் யோசித்தேன், ரகுவிடம் மூன்று முறை கேட்டேன், அத்தையிடம் ஒரு முறை கேட்டேன். "பிள்ளையை நான் பாத்துக்கிடுதேன். நீ போயி மோந்து பாரு" என்றார். பூஜைப் பண்டிகை விடுமுறை முடிந்ததும் போகிறேன். சொல்லியும் விட்டேன்.

ஆகவே மௌமிதாவுக்கு எல்லாம் எழுதிவிட்டேன், ஒன்றைத் தவிர. முதல் அசைவு எப்போது வந்தது, எப்படி இருக்கும் என்று அவள் கேட்டதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. நகத்தால் சுண்டிய மாதிரி என்று சொன்னால், அவள் அந்தச் சுண்டலுக்குக் காத்திருந்து தன்னுடையதைத் தவறவிடுவாள். சொல்லாமல் விட்டால், எனக்குப் போலவே பயந்துகொண்டிருப்பாள். இதைப் படிக்கும் தாய்மார்களைக் கேட்கிறேன். ஐந்தாம் மாதத்தில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு இதைச் சொல்லலாமா, கூடாதா? சொல்லலாம் என்றால், எந்த வார்த்தையில் சொல்வது? தயவுசெய்து சீக்கிரம் எழுதுங்கள். அவள் தினமும் வயிற்றில் கை வைத்துக்கொண்டு என் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள்.